முதுகுக்குப் பின்னால் மூன்று கோப்புகள்

பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர்களுக்குக் கோப்பு என்றதும் முதலில் வாயில் வரும் சொல் 'தொசியே'. பிரெஞ்சில் முதுகுக்கு 'தோ' என்று பெயர். காகிதக் கட்டின் முதுகுப் பக்கத்தில் இது இன்னாருடையது என்று எழுதி ஒட்டிவைக்கும் வழக்கத்தில் இருந்து பிறந்த சொல் அது. முதுகுக்குப் பின்னால் பேசுவது என்று தமிழில் நாம் சொல்வதையும் இந்தச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு மனிதனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் எழுதிச் சேர்த்துக்கொண்டே போவதுதானே பாதிக் கோப்புகளின் கதை?

அப்படி வாழ்நாளில் மூன்று கோப்புகளை முதுகில் சுமந்த ஒருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் பேடர் ஃபுருபோட்ன். நார்வே நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர். பெயரை ஒரே மூச்சில் சொல்ல நமக்கு நாக்கு புரளாது. நம் ஊரில் அவரைக் கேள்விப்பட்டவர்களும் அதிகம் இருக்கமாட்டார்கள். நான் கம்யூனிஸ்ட் அல்ல; அந்தக் கட்சிக்கு ஆள் சேர்க்கவும் இதை எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய ஒரு குமாஸ்தா என்ற முறையில், ஒரு கோப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு இந்த மனிதரின் வாழ்க்கை நல்ல பாடம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1890 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, நார்வேயின் மேற்குக் கரையில் சோக்ன் பகுதியைச் சேர்ந்த ப்ரெக்கே என்ற ஊரில். தொழில் தச்சு; மேசை நாற்காலி, அலமாரி செய்யும் நுண்தச்சர். பெர்கன் துறைமுக நகரில் தொழிற்சங்க வேலைக்கு வந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாமல் பட்டறையில் இருந்து மேடைக்கு வந்த தலைமுறை அது. உளி பிடித்த கை என்பதால் எதையும் அளந்து, பொருத்தி, இழைத்துப் பார்க்கும் குணம் அவரிடம் கடைசிவரை இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. இது என் யூகம்தான்.

ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஐரோப்பாவின் எல்லாத் தொழிலாளர் கட்சிகளுக்கும் ஒரே கேள்வி எழுந்தது. மாஸ்கோவில் லெனின் தொடங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தில் சேருவதா, வேண்டாமா? நார்வே தொழிற்கட்சி 1919-இல் சேர்ந்தது. உத்தரவு எல்லாம் மாஸ்கோவில் இருந்து வரத் தொடங்கியதும் பெரும்பான்மையினருக்குப் பிடிக்கவில்லை. 1923 நவம்பரில் கட்சி பிளந்தது. மாஸ்கோவோடு நிற்போம் என்ற சிறுபான்மையினர் வெளியே வந்து நார்வே கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். அதன் முதல் பொதுச் செயலாளர் நம் தச்சர்தான். 1925 முதல் 1930 வரை தலைவரும் அவரே.

கட்சி வளர்ந்ததா என்றால் இல்லை. 1924 தேர்தலில் 6.1 சதவீத வாக்கு, ஆறு இடங்கள். 1927-இல் மூன்று இடங்கள். 1930-இல் 1.7 சதவீதம், ஓர் இடமும் இல்லை. பிரிந்து போன தொழிற்கட்சியோ ஆட்சியைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. அந்த 1930-இல் ஃபுருபோட்ன் மாஸ்கோவுக்குப் போனார். குடும்பத்தோடு எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அகிலத்தின் வேலையில் இருந்தவர்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றைத் தாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். யார் பிள்ளை, எங்கே படித்தாய், யார் யாரோடு பழகினாய், எந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாய். அதை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. ஆள் நம்மவன் என்று தோன்றும்வரை அது வெறும் காகிதம். 1936-க்குப் பிறகு ஸ்டாலினின் களையெடுப்பு தொடங்கியதும் அதே காகிதம் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. ஹங்கேரியப் புரட்சியின் தலைவர் பேலா குன் மாஸ்கோவிலேயே கைதாகிக் கொல்லப்பட்டார். போலந்து கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, கட்சியே கலைக்கப்பட்டது. பக்கத்து நாடான டென்மார்க்கின் ஆர்னே முங்க் பீட்டர்சன் 1937-இல் பிடிக்கப்பட்டு 1940-இல் மாஸ்கோ சிறையிலேயே இறந்தார். இத்தனைக்கும் நடுவில் இருந்து ஃபுருபோட்ன் 1938-இல் உயிரோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் அங்கே கண்டதை அப்போது ஊரறியச் சொல்லவில்லை. கட்சியையும் விடவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை. மாஸ்கோ கோப்புகள் எத்தனை பேரின் உயிரைக் குடித்தன என்று தெரிந்த மனிதர், வாய் மூடி இருந்தார். அந்த மௌனத்துக்கு அவர் பதினோரு ஆண்டுகள் கழித்து விலை கொடுத்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உலகெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குத் தலை சுற்றியது. நேற்றுவரை நாஜிகளை எதிர் என்று சொன்ன மாஸ்கோ, இன்று இது இங்கிலாந்து, பிரான்ஸ் முதலாளிகளின் சண்டை, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள் என்றது. 1940 ஏப்ரல் 9-இல் ஜெர்மன் படை நார்வேயில் இறங்கியது. மன்னரும் அரசும் இரண்டு மாதம் போராடி ஜூன் 7-இல் வடக்கே ட்ரோம்சோவில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். ஆஸ்லோவில் இருந்த கம்யூனிஸ்ட் தலைமை மாஸ்கோ சொன்ன வழியிலேயே நின்றது. கட்சிப் பத்திரிகை ஜெர்மானியர் ஆட்சியிலும் சில மாதம் வெளிவந்தது.

பெர்கனில் இருந்த ஃபுருபோட்ன் வேறு மாதிரிப் பார்த்தார். நாட்டுக்குள் அந்நியப் படை நுழைந்துவிட்டது. எதிர்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு யாரோடு வேண்டுமானாலும் சேரலாம் என்பது அவர் கட்சி. மேற்கு நார்வேத் தோழர்களை அந்த வழியில் திருப்பினார். மாஸ்கோவில் எட்டு ஆண்டு இருந்த ஒருவர், மாஸ்கோவின் ஒப்பந்தத்தைவிடத் தன் நாட்டு மண்ணைப் பெரிதாக நினைத்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் கோப்பை மட்டும் படிக்கிறவனுக்கு இது புரியாது. அதில் 'மாஸ்கோவின் ஆள்' என்றுதானே எழுதியிருக்கும்?

ஒதுங்கி நின்றதால் கட்சி பிழைத்ததா? இல்லை. 1940 ஆகஸ்ட் 16-இல் ஜெர்மானியர் முதலில் தடை செய்த நார்வேக் கட்சி கம்யூனிஸ்ட் கட்சிதான். மற்றக் கட்சிகளின் முறை செப்டம்பரில் வந்தது. 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் ரஷ்யாவின் மீது பாய்ந்த அன்றே கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்தார்கள். அதுவரை பொதுச் செயலாளராக இருந்த ஹென்ரி கிறிஸ்டியான்சன் பிடிபட்டு, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நொயங்காமே வதைமுகாமில் இறந்தார். ஃபுருபோட்னுக்கு எதிர்க் கருத்து கொண்டவர் அவர். ஆனாலும் உயிரைக் கொடுத்தவர். ஒருவர் கருத்து சரி, மற்றவர் கருத்து தவறு என்று சொல்லலாம். ஒருவர் வீரர், மற்றவர் துரோகி என்று சொல்ல முடியாது. எந்தக் கோப்பிலும் இப்படி இரண்டையும் பிரித்து எழுத இடம் இருக்காது.

1941 டிசம்பர் 31-இல் தலைமறைவாகக் கூடிய கட்சி மாநாடு ஃபுருபோட்னைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் கட்சியின் தலைமையகம் மலைகளில் இயங்கியது. ஆஸ்லோவுக்கு வடமேற்கே வால்ட்ரெஸ் மலைப் பகுதியில், கோடையில் மாடு மேய்ப்பவர்கள் தங்கும் குடில்களில் அச்சு வேலை, செய்தி அனுப்பும் வேலை, ஆள் நடமாட்டம். பனியில் காலடித் தடம் தெரிந்தாலே ஆபத்து. ஆள் மாறி ஆள் செய்தி கொண்டுபோவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் இதன் நடுவில் உட்கார்ந்து ஒரு கட்சியை நடத்தினார்.

லண்டனில் இருந்த அரசும், அதன் பேச்சைக் கேட்ட ரகசியப் படையான மில்லோர்கும், நேச நாட்டுப் படை வரும்வரை அடங்கி இருங்கள், ஆளையும் ஆயுதத்தையும் சேர்த்துவையுங்கள் என்றன. நாசவேலை செய்தால் ஜெர்மானியர் பொதுமக்களைப் பழிவாங்குவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அது வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கத் தக்கதல்ல. ஃபுருபோட்னோ, அடங்கி இருந்தால் மக்கள் அடங்கியே பழகிவிடுவார்கள், இப்போதே எதிர்க்க வேண்டும் என்றார். யார் சொன்னது சரி என்று நார்வேயில் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஜெர்மானியரின் கோப்பில் அவர் பிடிக்கப்பட வேண்டிய முக்கியமான ஆள். இதுதான் முதல் கோப்பு. 1944 ஜூனில் 'ஆல்மென்ராவுஷ்' என்று பெயரிட்டு, நூற்றுக்கணக்கான படைவீரர்களோடு அந்த மலைத் தலைமையகத்தைச் சுற்றி வளைத்தார்கள். தோழர்கள் சிலர் சிக்கினார்கள். ஃபுருபோட்ன் தப்பிவிட்டார். போர் முடியும்வரை அவரை அவர்களால் பிடிக்க முடியவில்லை.

முதல் கோப்பு 1945 மே மாதம் செல்லாக் காசானது. எழுதியவன் தோற்றதால் அந்தக் கோப்பில் இருப்பதே பெருமையாகிவிட்டது. விடுதலைக்குப் பிறகு அமைந்த கூட்டு அமைச்சரவையில் இரண்டு கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ஒருவர் யோஹான் ஸ்ட்ராண்ட் யோஹான்சன். மற்றவர் கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன்; நார்வேயின் முதல் பெண் அமைச்சர். அவர் கணவர் விக்கோ ஹான்ஸ்டீன் தொழிற்சங்க வழக்கறிஞர். 1941 செப்டம்பரில் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குக் கிடைத்துவந்த பாலை நிறுத்தியதால் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படிப் பட்டவர்கள் நின்ற கட்சிக்கு அந்த ஆண்டுத் தேர்தலில் 11.9 சதவீத வாக்கு விழுந்தது. 150 இடங்களில் பதினொன்று. ஒரு காலத்தில் ஓர் இடமும் இல்லாத கட்சிக்கு அது பெரிய வெற்றி. மலையில் இருந்து இறங்கிவந்த பொதுச் செயலாளருக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி நார்வேப் பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சன் க்ரோகெரோய் என்ற ஊரில் பேசினார். நாட்டின் சுதந்திரத்துக்கும் ஜனநாயகத்துக்கும் உள்ளே இருந்து வரும் ஆபத்து கம்யூனிஸ்ட் கட்சிதான் என்பது பேச்சின் சாரம். கெர்ஹார்ட்சனும் ஜெர்மன் வதைமுகாமில் கிடந்து வந்தவர். வாய்ச்சொல் வீரர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. 1949 ஏப்ரலில் நார்வே நேட்டோவில் சேர்ந்தது. அக்டோபர் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு 5.8 சதவீதம், பதினோரு இடங்களும் போயின.

வீட்டில் நஷ்டம் வந்தால் யாரால் வந்தது என்று சண்டை வரும். அந்தக் கட்சியிலும் வந்தது. ஆனால் அது சாதாரணச் சண்டை இல்லை. யூகோஸ்லாவியாவின் டிட்டோ ஸ்டாலினுக்கு அடங்க மறுத்ததால் 1948 ஜூனில் அவரைத் தள்ளிவைத்தார்கள். அதன் பிறகு எந்த நாட்டில் எந்தக் கம்யூனிஸ்ட் 'என் நாடு' என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னாலும் அவர் டிட்டோவின் ஆள். ஹங்கேரியில் அமைச்சராக இருந்த லாஸ்லோ ராய்க்கை அப்படித்தான் 1949 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். அதே அக்டோபரில் ஆஸ்லோவில் தலைவர் எமில் லோவ்லியென், முன்பு அமைச்சராக இருந்த ஸ்ட்ராண்ட் யோஹான்சன் முதலியோர் ஒரு பக்கமாகவும், ஃபுருபோட்னும் அவரைச் சேர்ந்தவர்களும் மறு பக்கமாகவும் பிரிந்தார்கள். லோவ்லியென் தரப்பு கட்சி அலுவலகத்தைக் கைப்பற்றியது. பொதுச் செயலாளரையும் அவரோடு நின்றவர்களையும் கட்சியைவிட்டு நீக்கினார்கள். குற்றச்சாட்டு: டிராட்ஸ்கியவாதி, டிட்டோவாதி, முதலாளித்துவ தேசியவாதி.

இது இரண்டாவது கோப்பு. ஜெர்மானியர் எழுதியதைவிட இதுதான் அவரை அதிகம் புண்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். பகைவன் எழுதியது பெருமை. கூடச் சோறு தின்றவன் எழுதியது? 1940-இல் கட்சியைக் காப்பாற்றிய அதே குணத்துக்கு, அதாவது அந்நிய உத்தரவைவிடச் சொந்த நாட்டை முன்னால் வைத்த குணத்துக்கு, 1949-இல் 'தேசியவாதம்' என்று பெயர் சூட்டினார்கள். செயல் ஒன்றுதான், தலைப்புதான் மாறியது. அன்று மாஸ்கோவில் தோழர்களின் கோப்புகள் குற்றப்பத்திரிகை ஆனபோது வாய் மூடி இருந்தவரின் வீட்டு வாசலுக்கே அந்தக் கோப்பு வந்துவிட்டது. நார்வே சட்டமும் நீதிமன்றமும் உள்ள நாடு என்பதால் கட்சி உறுப்பினர் பதவியோடு போயிற்று. புடாபெஸ்ட் என்றால் கழுத்து போயிருக்கும். கம்யூனிஸ்டுகள் பழித்துப் பேசிய அந்த 'முதலாளித்துவ' சட்டம்தான் அவர் உயிரைக் காத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சட்டம் முழுக்கச் சுத்தமா என்றால், அங்கேதான் மூன்றாவது கோப்பு வருகிறது.

போருக்குப் பிறகு நார்வேயின் கண்காணிப்புப் போலீஸ் கம்யூனிஸ்டுகளைப் பட்டியல் எடுத்தது. தொலைபேசியை ஒட்டுக் கேட்டது. யார் கூட்டத்துக்குப் போனார், யார் எந்தப் பத்திரிகை வாங்கினார் என்றெல்லாம் குறித்துவைத்தது. ஆளும் தொழிற்கட்சிக்காரர்கள், தொழிற்சங்கக்காரர்கள் சிலர் இதற்குத் துணை நின்றார்கள். பல ஆண்டுகளாக இடதுசாரிகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீண் பிரமை என்று சிரித்தார்கள். கடைசியில் நாடாளுமன்றமே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி கேடில் லுண்ட் தலைமையில் அந்தக் குழு 1996-இல் அறிக்கை கொடுத்தது. சட்டவிரோதமான கண்காணிப்பு பெரிய அளவில் நடந்தது உண்மைதான் என்று அது சொன்னது. கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ஒருவர் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்திருக்க வழியே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் பெர்கே ஃபுரே என்ற வரலாற்றுப் பேராசிரியர். இடதுசாரி சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். குழு வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, குழு உறுப்பினரைப் பற்றியே கண்காணிப்புப் போலீஸ் விவரம் திரட்டப் பார்த்தது என்ற செய்தி 1996 முடிவில் வெளிவந்தது. போலீஸ் பிரிவின் தலைவர் பதவி விலகினார். முன்பு நீதித்துறையைக் கவனித்த அமைச்சர் கிரேத்தே ஃபாரேமோவும் விலக வேண்டி வந்தது. கோப்பு எழுதும் பழக்கம் வந்துவிட்டால் கை நிற்காது. மேசைக்கு எதிரில் உட்கார்ந்து விசாரிக்கிறவனைப் பற்றியும் அது எழுதிக்கொண்டே போகும்.

அதன் பிறகு நார்வே செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1999-இல் ஒரு சட்டம் போட்டார்கள். உங்களைப் பற்றி ரகசியப் போலீஸ் கோப்பு வைத்திருந்ததா என்று தெரிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம். இருந்தால் காட்டுவோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். எல்லாப் பக்கமும் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது; சில பெயர்களை மறைத்தார்கள். ஆனாலும் ஓர் அரசு, 'உன் முதுகுக்குப் பின்னால் நான் எழுதியது இதுதான், படித்துப் பார்' என்று குடிமகன் கையில் கொடுத்தது சின்ன விஷயமா? ஃபுருபோட்னுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் 1975 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். வரலாற்றாசிரியர் டோர்கிரிம் டிட்டில்ஸ்டாட் எழுதிய நூல்கள் வழியாகத்தான் அவருடைய பக்கத்து நியாயம் மெல்ல வெளியே வந்தது.

இதைப் படிக்கும் ஓய்வுபெற்ற நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது இந்நேரம் புரிந்திருக்கும். நம் சர்வீஸில் சி.ஆர். என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? மேலதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை நம்மைப் பற்றி எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். பாதகமாக இருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். மற்றதெல்லாம் பீரோவுக்குள். பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று தெரியாமலேயே ரிட்டயர் ஆனவர்கள் எத்தனை பேர்! 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எல்லைச் சாலை அமைப்பில் பொறியாளராக இருந்தவர் அவர். ஓர் ஆண்டு குறிப்பில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'மிக நன்று'. 'நன்று' பாதகமான சொல் இல்லையே என்று அவரிடம் சொல்லவே இல்லை. நல்ல சொல்லே ஒரு மனிதனைக் கவிழ்த்துவிட்டது. எந்தக் குறிப்பானாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. நமக்கெல்லாம் காலம் கடந்து வந்த தீர்ப்பு. பின்னால் வந்தவர்களுக்காவது ஆயிற்று.

சிலர் என்னிடம் கேட்கக்கூடும். ரகசியப் போலீஸ் விவகாரத்தையும் ஆபீஸ் விவகாரத்தையும் ஒன்றாக்கலாமா? நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? நியாயமான கேள்வி. நார்வே அரசின் சந்தேகம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பியோர்ன் சுண்டே என்று ஒருவர். போர்க்காலத்தில் ரயில் பாதைகளையும் ஜெர்மன் அலுவலகங்களையும் தகர்த்த 'ஓஸ்வால்ட்' குழுவின் தலைவர். சில காலம் ஃபுருபோட்னின் மலைத் தலைமையகத்துக்குக் காவலாக நின்றதும் அவருடைய ஆட்கள்தான். பிறகு இருவரும் முரண்பட்டுப் பிரிந்தார்கள். அந்தச் சுண்டே 1954-இல் சோவியத்துக்கு உளவு பார்த்த குற்றத்துக்காக எட்டு ஆண்டு தண்டனை பெற்றார். ஆகவே கண் வைத்திருக்கக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். சுண்டேயின் மீது வழக்குப் போட்டார்கள். குற்றம் இன்னது என்றார்கள். அவர் வழக்கறிஞர் வைத்து வாதாடினார். நீதிபதி கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். அது சரி. செயலைப் பார்த்து விசாரித்தது அது. மற்ற ஆயிரக்கணக்கானவர்களின் விஷயத்தில் செயல் எதுவும் இல்லை. கட்சி அட்டையும் கருத்தும்தான். குற்றம் செய்தவனுக்காவது எதிர்வாதம் செய்ய வாய்ப்புக் கிடைத்தது. குற்றம் செய்யாதவனுக்கு அதுவும் இல்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லையே!

சுண்டே தண்டனை பெற்றதால் அவர் குழுவினர் போரில் செய்த தியாகமும் இருட்டிலேயே கிடந்தது. உயிரோடு மிஞ்சிய சில முதியவர்களை நார்வே அரசு கௌரவித்தது 2013-இல். ஆஸ்லோ ரயில் நிலையத்துக்கு எதிரில் அந்தக் குழுவின் நினைவாகச் சம்மட்டி ஒன்று ஸ்வஸ்திகாவை நொறுக்குவது போன்ற சின்னம் வைத்தது 2015 மே தினத்தில். போர் முடிந்து எழுபது ஆண்டுகள். தலைவர் மேல் எழுதிய தீர்ப்பு, தொண்டர்களின் முதுகிலும் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கேள்வியும் வரும். ஸ்டாலினின் அமைப்பில் இருந்தவர், மாஸ்கோவில் நடந்ததைக் கண்டும் பேசாதவர். அவருக்காக ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறாய்? நல்லவர்களுக்கு மட்டும் நியாயம் என்றால் அதற்குப் பெயர் நியாயமா? ஃபுருபோட்ன் மகான் இல்லை. பிடிவாதக்காரர். மலையில் இருந்து கட்சியை நடத்திய பழக்கத்தில், தன் சொல்லே இறுதிச் சொல் என்று நினைத்திருக்கவும் கூடும். அவரைக் குறைகூற நிறைய இருக்கிறது. குறையை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் பதிலையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் உளவு அமைப்புகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் சம்பந்தப்பட்டவை மட்டும் விதிவிலக்கு. இன்று நடக்கும் வேலையின் ரகசியத்தைக் கேட்கவில்லை. முப்பது, நாற்பது ஆண்டு கழிந்த கோப்பையாவது, அதில் பெயர் உள்ளவரோ அவர் பிள்ளைகளோ பார்க்க வழி செய்தால் என்ன? நார்வே செய்தது, அந்த நாடு அதனால் கவிழ்ந்துவிடவில்லை.

குமாஸ்தா வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு கோப்பு கைக்கு வந்தால் முதல் பக்கத்தை நம்பக் கூடாது. எழுதியது யார், எந்தத் தேதியில் எழுதினார், எதிர்த் தரப்பின் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபுருபோட்னின் மூன்று கோப்புகளையும் இப்படிப் புரட்டினால், ஜெர்மானியர் எழுதியதில் அவருடைய பதில் இல்லை. கட்சி எழுதியதில் அவர் சொன்னது ஏறவில்லை. போலீஸ் எழுதியது அவர் கண்ணிலேயே படவில்லை. மூன்று எழுத்தர்கள், ஒருவருக்கொருவர் ஜன்மப் பகை. ஆனால் மூவரும் எழுதிய முறை ஒன்றுதான்.

இன்று கோப்புக்குத் துணிக்கயிறும் இல்லை, பீரோவும் இல்லை. எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. நம்மைப் பற்றி யார் எங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. அவர்கள் என்னிடம் வந்து இந்தக் காலத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் தாத்தா என்றால், சொத்துப் பத்திரத்துக்கு அடுத்தபடியாக, உன்னைப் பற்றி எழுதியதைப் படித்துப் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கு என்றுதான் சொல்வேன்.